ஆக்சிலேட்டரில் ஒரு கால்

ஸ்கேனர் திரையில் ஆக்சிலேட்டர் பெடல் நூறு சதவீதம் என்று காட்டியது. மாதவனின் இரண்டு கால்களும் காருக்கு வெளியே மண்ணில் இருந்தன. கதவைத் திறந்து, டிரைவர் சீட்டின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே நீட்டிச் சாவியை ஆன் செய்திருந்தான். எட்டிப் பார்த்தான். பெடல் தன் இடத்தில் மேலேதான் நின்றது. யாரும் மிதிக்காததை முழுக்க மிதித்திருப்பதாக ஒரு எந்திரம் சொன்னால் மெக்கானிக் பயப்பட மாட்டான், சென்சார் போச்சு என்பான். மாதவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான். ஆனாலும் இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான்.

கார் ராமசுப்புவுடையது. பதினாலு வருசத்து வெள்ளைக் கார். ராமசுப்பு செத்துப் பதினாறு நாள் ஆகிறது. காலையில் அவர் மனைவி சோலையம்மாள் பரளச்சியிலிருந்து போன் செய்தாள். "வண்டி ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது தம்பி. நாளைக்கு மருமகன் மதுரையிலருந்து கம்ப்யூட்டர் வச்சுப் பாக்குற ஆளக் கூட்டிட்டு வாராக. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு எட்டு வந்து பாக்குறீகளா?" கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் மாதவன் அருப்புக்கோட்டை ஷெட்டைப் பூட்டிவிட்டு, பசியையும் மறந்து, உச்சி வெயிலில் பைக்கை விரட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் வண்டியைச் சரி செய்ய வரவில்லை. ஒன்றை அழிக்க வந்திருந்தான்.

ராமசுப்பு சாவதற்கு மூன்று நாள் முன்னால் இதே காரில் எஞ்சின் கோளாறைக் காட்டும் செக் லைட் எரிந்தது. ஆக்சிலேட்டர் சென்சார் கோளாறு என்று ஸ்கேனர் அன்றே ஒரு எண்ணைக் காட்டியது, மெக்கானிக்குகள் அதைக் கோடு என்பார்கள். சாமான் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். பட்டனை அழுத்திக் கோடை அழித்துவிட்டு, "சரியாயிருச்சு மாமா, தைரியமா ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டான். ஆனால் கோடை அழித்த நிமிசத்திலிருந்து வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைக் கார் தனியாகக் கணக்கு வைத்திருக்கும். இப்போது திரையில் நாற்பத்தொன்று. அன்றைக்கு ஷெட்டிலிருந்து பரளச்சி வரைக்கும் ஒரு நடை. பிறகு செக் லைட் மறுபடி எரிந்ததும், ராமசுப்பு ஷெட்டை நோக்கித் திரும்பி வந்ததில் பாதி வழி. விவரம் தெரிந்தவன் எவன் பார்த்தாலும், யாரோ கோளாறை மறைத்து அனுப்பியிருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவான்.

அழித்தான். நாற்பத்தொன்று பூச்சியமானது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி ஒரு மூச்சு விடுவதற்குள் கோடு திரும்ப வந்தது. மறுபடி அழித்தான். வந்தது. ஐந்தாம் தடவை, பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றது.

பையில் பெடலோடு சேர்ந்த புது சென்சார் இருந்தது. துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த மறுநாளே ஆர்டர் போட்டு வாங்கிவிட்டான், யாருக்காக வாங்கினோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே தலைகுப்புறப் படுத்து ஸ்பானரால் பழைய பெடலைக் கழற்றினான். உள்ளே பினாயில் வாடை குப்பென்று அடித்தது. யாரோ சீட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். அந்த வாடைக்கு அடியில் சூடேறிய ரெக்சினும், நாள்பட்ட வேர்வையும், இன்னும் ஏதோ ஒன்றும் இருந்தன. அது என்ன வாடை என்று யோசிக்க அவன் விரும்பவில்லை. கார் நின்ற கொட்டகையின் தகரம் வெயிலில் டப், டப் என்று வெடித்துக்கொண்டிருந்தது. வெளியே வெடித்துக் கிடந்த கரிசல் காட்டில் ஒரு காக்கா கூடக் கத்தவில்லை. புதுப் பெடலை மாட்டி ஆன் செய்து, திரையில் பெடல் சதவீதத்தைப் பார்த்தான். பூச்சியம். கோடு இல்லை. சிரித்தே விட்டான்.

"தண்ணி குடிங்க தம்பி."

திடுக்கிட்டு நிமிர்ந்ததில் மண்டை ஸ்டியரிங்கில் மோதியது. சோலையம்மாள் செம்போடு நின்றாள். அழுது ஓய்ந்து, இனி அழ ஒன்றுமில்லாத முகம்.

"கடைசியா உங்களுக்குத்தான் போன் போட்ருக்காக. ஒரு நிமிசத்துக்கு மேல பேசுனதாக் காட்டுது."

"ஒண்ணுமே கேக்கலத்தை. டவர் இல்லாம கொரகொரன்னுச்சு." துட்டி வீட்டில் சொன்ன அதே பொய். சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்டது.

அவள் தலையாட்டினாள். பார்வை காருக்குள், பெடல்கள் இருக்கும் இருட்டில் நின்றது. "கதவத் தொறந்தப்ப அவுக உசுரு போயி ரொம்ப நேரமாச்சு. ஆனா வலது காலு மட்டும் மிதியில அப்படியே அழுத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு ஆளு சேந்து இழுத்துதேன் எடுத்தாக. எடுக்கவே மாட்டேன்னு பிடிவாதமா மிதிச்சிருந்த மாதிரி."

மாதவன் செம்பை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தான். அவள் வீட்டுக்குள் போகாமல் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

டவர் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு மாதவன் ஒரு கிடாவிருந்தில், கறி விழுந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். "வண்டி நடுக்காட்டுல நின்னுருச்சு மாதவா. வெயிலு மண்டையப் பொளக்குது. நெஞ்சு வேற ஒரு மாதிரி இருக்குப்பா," என்றார் ராமசுப்பு. போனை வைத்தால் போதும் என்றிருந்தது மாதவனுக்கு. வாய்க்கு வந்ததைச் சொன்னான். "ஆக்சிலேட்டர அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டுச் செல்ப் அடிங்க மாமா. நான் இந்தா வாரேன். வர்ற வரைக்கும் காலை மட்டும் எடுத்துராதீக." அந்தக் காலத்து அம்பாசிடருக்குச் சொல்கிற வைத்தியம் அது. இந்த மாதிரிக் காரில் முழுக்க மிதித்துக்கொண்டு செல்ப் அடித்தால் பெட்ரோலே வராது. எத்தனை நாள் அடித்தாலும் எடுக்காது. அது மாதவனுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னான், பிறகு இரண்டாம் தடவை சோறு வாங்கினான். போகவில்லை.

இதை யாரிடமும் சொல்லாமல் செத்துப்போக வேண்டும் என்பதுதான் இந்தப் பதினாறு நாளும் அவன் வேண்டுதல்.

சீட்டில் முழுசாக ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். கிளச்சை மிதித்தான். வலது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டான். சாவியில் கை வைத்தான்.

திரையில் பூச்சியம் நாற்பதானது. பூச்சியம். நாற்பது. பூச்சியம். நாற்பது.

கீழே கீச், கீச் என்று ஸ்பிரிங் சத்தம்.

குனிந்து பார்த்தான். புதுப் பெடல் அவன் செருப்புக்குப் பக்கத்தில் தானாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பழைய டிரைவர்கள் சாவி போடும் முன் இரண்டு மூன்று தடவை மிதித்துவிடுவார்களே, அந்தப் பக்குவத்தில். பிறகு ஒரே அழுத்தாகத் தரை வரைக்கும் போனது. நின்றது.

நூறு.

வெறி பிடித்தவனாகச் சாவியைத் திருப்பினான். கிர்ர்ர், கிர்ர்ர், கிர்ர்ர். எடுக்கவில்லை. குனிந்து பெடலைக் கையால் மேலே இழுத்தான். அசையவில்லை. விரலுக்கும் பெடலுக்கும் நடுவில் ஏதோ தட்டுப்பட்டது. வெதுவெதுப்பாக. வெடிப்பு விழுந்த தோலாக.

கையைப் பிடுங்கிக்கொண்டான்.

வண்டி எடுக்காவிட்டால் நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஆள் வருவான். எல்லாம் தெரிந்துவிடும். உதடு மட்டும் அசைய முணுமுணுத்தான். "மாமா, நான் வந்துட்டேன். காலை எடுங்க."

தொண்ணூற்றேழு. மறுபடி நூறு.

"எடுங்க மாமா."

நூறு.

சோலையம்மாள் தூணை விட்டு ஜன்னலுக்கு நெருங்கி வந்திருந்தாள். மாதவனால் தாங்க முடியவில்லை. அழுகையும் வார்த்தையும் ஒன்றாக உடைந்து கொட்டின. "நான்தான் சொன்னேன் மாமா! காலை எடுக்காதீகன்னு நான்தான் சொன்னேன். வாரேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்டேன். போன்ல எல்லாம் கேட்டுச்சு. நெஞ்சு வலிக்குன்னு சொன்னதும் கேட்டுச்சு. தப்புதேன் மாமா. எடுத்துருங்க, எடுத்துருங்க."

எண்பது. ஐம்பத்தைந்து. இருபது. பூச்சியம்.

கீச்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே அடியில் எடுத்துச் சீராக ஓடியது. மாதவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். சோலையம்மாள் அங்கே இல்லை.

அவள் வெளிக்கேட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். கேட்டின் இரண்டு கதவையும் ஒவ்வொன்றாக அகலத் திறந்தாள். ஓரமாக ஒதுங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீட்டு ஆம்பளை வெளியே கிளம்பும்போது நிற்பது போல நின்றாள்.

"அத்தை, கேட்ட எதுக்குத் தெறக்குறீக?"

"அவுக கெளம்பிட்டாகள்ல தம்பி," என்றாள். குரலில் கோபமே இல்லை. "போயிட்டு வாங்க."

மாதவன் கதவுக் கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. பூட்டுக் குமிழ்கள் நாலும் டக் என்று ஒன்றாக இறங்கின. கீழே கிளச் பெடல் அவன் பாதத்தோடு சேர்ந்து உள்ளே அழுந்தியது. அவன் பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தின் கனம். அலறிக்கொண்டு இரண்டு கால்களையும் உருவினான். முழங்காலை மடக்கிச் சீட்டின் மேல் ஏற்றி, நெஞ்சோடு கட்டிக்கொண்டான். கியர் லிவர் பக்கவாட்டில் ஆடிப் பார்த்து முதல் கியரில் விழுந்தது.

வண்டி கேட்டைத் தாண்டியது. டவுன் பக்கம் திரும்பவில்லை. கருவேலம் அடைத்த காட்டுப் பாதைக்குத் திரும்பியது. ஸ்டியரிங் உறையில் இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் பள்ளமாக ரெக்சின் அழுந்தியிருந்தது. இரண்டாம் கியர். மூன்றாம் கியர். முதுகுக்குப் பின்னால், சீட்டுக்கும் தனக்கும் நடுவில், ஒரு நெஞ்சு சிரமப்பட்டு மூச்சு வாங்குவது சட்டை வழியாக ஏறி இறங்கியது. அவன் கட்டிக்கொண்டிருந்த கால்களுக்குக் கீழே, மூன்று பெடல்களும் மாறி மாறி, நிதானமாக, இறங்கி ஏறிக்கொண்டிருந்தன.