ஏழாம் நம்பர் என்ன பண்ணுது?

இன்ஷாவின் கட்டைவிரல்களுக்கு அன்று ஓய்வே இல்லை.

திருச்சிப் பள்ளி ஒன்றுக்கும் ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றுக்கும் கூடைப்பந்து இறுதிப் போட்டி. ஆட்டத்தை யாரோ போனில் பிடித்து நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே இரண்டு ஊர்க்காரர்களும் கமெண்ட் போட்டே அடித்துக்கொண்டார்கள். காவிரிக்கு இந்தக் கரை, அந்தக் கரை என்றால் சும்மாவா!

"பாலத்துல கூட்டமா இருக்குமாம். இப்பவே கிளம்பிடுங்க!" என்று ஒரு திருச்சிக்காரர் எழுதினார்.

"கப்பை வாங்கிட்டுக் கிளம்புறோம். அவசரப்படாதீங்க!" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து பதில் பறந்து வந்தது.

இன்ஷா விடுவாளா? ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள். மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ஆட்டத்தை நேரிலேயே பார்க்கிறாள். ஆனாலும் அம்மாவின் போனைக் கீழே வைக்க மனமில்லை. திருச்சி அணியின் கேப்டன் அவளுடைய சொந்த அக்கா நசீரா ஆயிற்றே!

ஸ்ரீரங்கம் அணியில் ஏழாம் நம்பர் சட்டை போட்ட பெண் பந்தைக் கோட்டை விட்டாள்.

"ஏழாம் நம்பர் தூங்குது. யாராவது காபி வாங்கிக் குடுங்க!" என்று இன்ஷா தட்டிவிட்டாள். சிரிக்கும் பொம்மைகள் மளமளவென்று குவிந்தன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

திடீரென்று கமெண்டில் எல்லாரும் கூச்சல் போட்டார்கள்.

"வீடியோ நின்னுபோச்சு!"

"யாருப்பா போனைத் தண்ணியில போட்டது?"

"உங்க ஊரு டவர்தான் சரியில்லை!"

அதற்கும் ஒரு சண்டை! அந்தச் சண்டைக்கு நடுவே பூவரசன் என்பவர் மட்டும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பர் என்ன பண்ணுது? யாராவது சொல்லுங்களேன். அது என் பொண்ணு இளவேனில். நான் குவைத்துல லாரி ஓட்டுறேன். இவ ஆடி நான் பார்த்ததே இல்லை. வண்டியை ஓரமா நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கேன்."

இன்ஷாவுக்குச் சுருக்கென்றது. காபி ஜோக்கை அவரும் படித்திருப்பாரே!

"அங்கிள், நான் மைதானத்துலதான் இருக்கேன். நான் சொல்றேன்," என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, "காபின்னு எழுதினதும் நான்தான். சாரி," என்றும் சேர்த்தாள்.

"பரவாயில்லைம்மா. அவ காபி குடிக்க மாட்டா, பால்தான். நீ ஆட்டத்தைச் சொல்லு."

"பந்து எங்க அக்கா கையில இருக்கு... ஐயோ! இளவேனில் தட்டிப் பறிச்சுட்டாங்க! ஓடுறாங்க... கூடையில போட்டுட்டாங்க!"

அதை எழுத இன்ஷாவுக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஒரு சின்னப் பொய் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எங்கோ தூரதேசத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவரிடம் எப்படிப் பொய் சொல்வது? நடந்ததை நடந்தபடியே எழுதினாள்.

கமெண்டில் சண்டை போட்டவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். "அடுத்து என்ன பாப்பா? சீக்கிரம் சொல்லு!" என்று இரண்டு கரையிலிருந்தும் கேட்டார்கள்.

"நாங்க ரெண்டு பாயிண்ட் மேல இருக்கோம். ஆட்டம் முடியப்போகுது. பந்து இளவேனில்கிட்ட. அக்கா வழியை மறிச்சுட்டா. இளவேனில் நடுக்கோட்டுல நிக்கறாங்க. அங்கேருந்தே எறியப் போறாங்க..."

அதற்குமேல் இன்ஷாவின் விரல் ஓடவில்லை.

பந்து எழும்பியது. உயர, இன்னும் உயரப் போனது. மாலை வெயில் பட்டு ஜொலித்தது. ஒரு கணம் வானத்திலேயே தங்கிவிடுமோ என்று தோன்றியது. பிறகு மெல்லச் சாய்ந்து, வளையத்தைக்கூடத் தொடாமல் வலைக்குள் இறங்கியது. ஆட்டம் முடிந்ததென்று நடுவரின் விசில் ஒலித்தது.

மைதானம் மொத்தமும் வாயைப் பிளந்து நின்றது. நசீராகூடத் தலையில் கைவைத்தபடி அந்த வலையையே பார்த்தாள். அம்மாடி, இப்படியும் ஒரு பந்து போகுமா! இன்ஷாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

போன் ஒளிர்ந்தது. "என்னம்மா ஆச்சு? ஏன் ஒண்ணுமே எழுத மாட்டேங்கறே?"

"அங்கிள்! உள்ள போயிடுச்சு! அவ்வளவு தூரத்துலேருந்து போட்டா மூணு பாயிண்ட்! இளவேனில் ஜெயிக்க வச்சுட்டாங்க! பார்த்துக்கிட்டே இருந்ததுல எனக்கு எழுதவே மறந்துபோச்சு!"

குவைத்திலிருந்து பதில் வந்தது.

"அழுதுட்டேன்மா. நல்லா இரு. ஆமா, நீ எந்த டீம்?"

"தோத்த டீம், அங்கிள்," என்று எழுதிய இன்ஷா, போனை மடியில் போட்டுவிட்டு இளவேனிலுக்காகக் கை வலிக்க வலிக்கத் தட்டினாள்.