வலது கைக் கட்டைவிரல்

“இடது பக்கம்க்கா, இடது பக்கம்! போன தடவை மாதிரி சொதப்பிடாதீங்க” என்று ஆசிரியை சிரித்தாள்.

“யாரு, நானா? உங்க பிள்ளைங்கதான் என்னைப் பாத்து ஓன்னு அழுதுச்சுங்க!” என்றாள் நடிக்க வந்தவள்.

நர்சிங் மாணவிகளுக்கு முன்னால் நோயாளியாகப் படுத்து நடிப்பதுதான் அவள் வேலை. நெஞ்சுவலி, பிரசவம், விஷம் குடித்தவள் என்று எல்லாம் ஆடி முடித்துவிட்டாள். கிள்ளினாலும் சிரிக்கமாட்டாள் என்று பெயர். இன்று பக்கவாதம், இடது கை கால் வராத மாதிரி.

“அக்கா, உங்க செருப்பு.” தோழிகள் சோடாபுட்டி என்று கூப்பிடும் கண்ணாடி போட்ட மாணவி ஒற்றைச் செருப்பை நீட்டினாள். “வராண்டாவுலயே கிடந்துச்சு.”

குனிந்து பார்த்தாள். வலது கால் வெறுங்காலாக இருந்தது. சில்லிட்ட தரையில் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள். அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

கட்டிலில் ஏறிப் படுத்தாள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் டெட்டாலும் புது ரப்பர் ஷீட்டும் கலந்த வாடை அடித்தது. நாடியே பார்க்காத பொய் மானிட்டர் டிக் டிக்கென்று யாருடைய இதயத்துக்கோ தாளம் போட்டது. எதிர்ச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்தபடி மைக்கோடு ஆசிரியை. விதி ஒன்றே ஒன்றுதான். உண்மையிலேயே முடியவில்லை என்றால் வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டவேண்டும். வேறு எது செய்தாலும் நடிப்பு.

“ஆரம்பிக்கலாம்” என்றது ஸ்பீக்கர்.

அவள் வாயை இடதுபக்கம் இழுக்கப் பார்த்தாள். வாய் தானாகவே வலதுபக்கம் தொங்கிச் சரிந்தது. எச்சில் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க நினைத்தாள். வலது கை கட்டிலில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

“ஏய், எச்சில்கூட வருதுடி! செம நடிப்பு!”

“அக்கா, உங்க பேரு சொல்லுங்க?”

‘நிஜம்’ என்று சொன்னாள். “ங்ங்ங” என்று வந்தது.

கட்டைவிரல். தூக்கு. தூக்கு. விரல் அசையவில்லை. இடது கையைத் தூக்கினாள். அந்தக் கட்டைவிரலை விறைப்பாக நிமிர்த்திக் காட்டினாள்.

மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள். “ஐயோ, வராத கைய தூக்குறாங்க! கதைய மறந்துட்டாங்க!”

“மேடம், கட்டைவிரல் காட்டுறாங்க” என்றாள் சோடாபுட்டி.

“எந்தக் கை?” என்றது ஸ்பீக்கர்.

“இடது.”

“அப்ப நடிப்பு. பக்கம் மாத்தி உங்களச் சோதிக்கிறாங்க. சீனியர் ஆர்ட்டிஸ்ட்டுன்னா சும்மாவா?”

வலி தெரிகிறதா என்று பார்க்க ஒருத்தி நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்துத் தேய்த்தாள். இன்னொருத்தி இரண்டு கை நகத்திலும் பேனாவை வைத்து அழுத்தினாள். இடது கையில் வலி உயிர் போனது. வலது கையில் ஒன்றுமே இல்லை.

சோடாபுட்டி கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். அடுத்த கண்ணிலும் அடித்தாள். “மேடம்... கண்ணுப் பாப்பா ஒண்ணு பெரிசா இருக்கு. இத எப்படி நடிக்க முடியும்?”

“பயந்தா எல்லாமே பெரிசாத்தான்மா தெரியும். பேஷன்ட்ட விட்டு விலகி நில்லு. உனக்கு மார்க் போச்சு.”

“வாங்க, டாக்டரம்மா!” என்று ஒருத்தி சோடாபுட்டியின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

டார்ச் அணைந்தது.

“போதும். எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, பேசலாம். அக்கா, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க, அடுத்த பேட்ச் வந்துடும்.”

போனார்கள். கடைசியாகப் போனவள் விளக்கை அணைத்தாள்.

இருட்டு. தலைக்குள் எதுவோ சூடாகப் பரவியது. மூச்சு குறட்டையாக மாறியது.

அறை இருண்டதும் கண்ணாடி சுவராக இல்லாமல் ஜன்னலாகிவிட்டது. அந்தப் பக்கம் வெளிச்சம். வரிசையாக நாற்காலிகள், வரிசையாக முகங்கள், பெரிய திரை. திரையில் அவள் முகம், கோணிய வாயோடு அப்படியே நிறுத்தப்பட்டிருந்தது. சோடாபுட்டி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது தன் பிம்பம்தான். கலைந்திருந்த முடியைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டாள்.

கட்டிலில் கிடந்தவள் கத்தினாள். ங்ங்ங.

மைக்கை யாரும் அணைக்கவில்லை. ஆசிரியையின் குரல் இருட்டில் உற்சாகமாக வந்தது.

“சரி, சொல்லுங்க பாப்போம். இது நிஜ ஆஸ்பத்திரியா இருந்திருந்தா, இந்தம்மா பொழைச்சிருப்பாங்களா? நீங்க என்ன நினைக்கிறீங்க?”