ஐம்பது விநாடி இருட்டு

கதவை உடைக்கிற மாதிரி யாரோ தட்டினார்கள்.

புரொஜெக்டர் அறைக்கு யாரும் வருவதில்லை. பதினாறு இரும்புப் படிகள். மூச்சு வாங்க ஏறி வந்தாலும் உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, அரங்கைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அவ்வளவுதான். ஆறு வருஷமாக அந்த நாற்காலி அவளுடையது. கலை மையத்தில் எல்லோருக்கும் அவள் 'பூனை'. இருட்டிலேயே இருப்பாள், சத்தமே வராது.

திறந்தாள். தொப்பலாக நனைந்து ஒருவன் நின்றான். சற்றுமுன் அவள் ஓட்டிய குறும்படத்தின் இயக்குநர்.

"லைட்டைப் போட்டது யாரு?"

"நான்தான். படம் முடிஞ்சா லைட் போடுவாங்க."

"படம் முடியலைங்க!"

"திரை கறுப்பாச்சு. சத்தம் நின்னுச்சு. பத்து செகண்ட் பார்த்தேன். முடிஞ்சுதா இல்லையான்னு உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேக்கணுமா?"

"அந்தக் கறுப்பு அம்பது செகண்ட்! அதுக்கப்புறம்தான் கடைசி ஷாட். அதுக்குத்தான் மொத்தப் படமும்... எங்கக்கா எழுந்து போயிட்டா. பின்னாடியே ஓடினேன். நிக்கவே இல்ல."

"அப்ப ஷீட்ல எழுதியிருக்கணும்."

"எழுதினேன்!"

ஒவ்வொரு படத்தோடும் ஒரு தாள் வரும். நேரம், ஒலி அளவு, குறிப்பு. அவள் அந்தத் தாளை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். குறிப்புக் கட்டம் காலி.

அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கோபம் வடிந்து முகம் சின்னப் பிள்ளை போல ஆகிவிட்டது. இமை முடியில் ஒரு மழைத்துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் இமையைக் கவனிப்பானேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எழுதினதாத்தான் ஞாபகம்..." என்றவன், அப்படியே படியிறங்கிப் போனான்.

சாயங்காலம் தாள்களை அடுக்கும்போதுதான் அதைத் திருப்பினாள்.

'இருபதாவது நிமிஷத்தில் திரை கறுப்பாகும். ஐம்பது விநாடி. தயவுசெய்து விளக்கு போட வேண்டாம். படம் முடியவில்லை.' கீழே இரண்டு கோடு.

கட்டத்தில் இடம் போதாதவர்கள் பின்னால் எழுதுவார்கள். அவளும் எப்போதும் திருப்பிப் பார்ப்பாள். இன்று அறைக் கூரை ஒழுகுகிறது என்று மேனேஜரோடு சண்டை போட்ட அவசரத்தில் பார்க்கவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு தப்புகூட இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாளே அவன் வந்தான். இந்தத் தடவை மெல்லத் தட்டினான்.

"மன்னிச்சிடுங்க. நான்தான் எழுத மறந்திருக்கேன் போல. தேவையில்லாம உங்ககிட்ட கத்திட்டேன்."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். பை பக்கத்திலேயேதான் இருந்தது.

"பரவாயில்லைங்க" என்றாள்.

அவன் மேல்படியில் உட்கார்ந்து மடமடவென்று கொட்டினான். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இவனை வளர்த்தது அவள்தான். அவள் சம்மதத்தோடுதான் பின்சீட்டில் ஒரு வருஷம் கேமராவோடு உட்கார்ந்திருந்தான். கடைசி ஷாட் வரை படத்தில் அவள் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நடைபாதையில் ஏற்றுவார்கள், இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போடுவார்கள். அக்கா கத்துவாள்.

"அரங்கம் முழுக்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவ குரலைக் கேட்டு. அப்படியே லைட் வந்துடுச்சு. ஊரைக் கூட்டி என்னைக் கோமாளி ஆக்கிட்டான்னு போயிட்டா. திட்டினாக்கூட தேவலைங்க. சோறு போட்டு மூடி வச்சிட்டு, பேசாம போயிடுறா."

"வீட்ல போட்டுக் காட்டலாமே?"

"லேப்டாப்பைத் தூக்கிட்டுப் பின்னாடியே நடந்தேன். பார்க்க மாட்டேன்னுட்டா."

"அந்த அம்பது செகண்ட் எதுக்கு?"

"ஜனங்க சிரிச்சு அடங்கட்டும்னு. சிரிப்பு நின்னப்புறம்தான் அவளைப் பார்க்கணும்."

அவள் பையை மடிக்கு இழுத்து ஜிப்பை மூடினாள்.

படவிழா ஒரு வாரம். ஒரு வாரமும் அவன் வந்தான். ஒன்பதாவது படி ஆடும், அதைத் தாண்டித்தான் ஏறுவான். அந்தக் காலடி எட்டில் நின்று பத்தில் விழும்போது அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொள்வாள்... பிறகு எதற்கு ஒதுக்கினோம் என்று கலைத்துவிடுவாள்.

"இன்னைக்கு என்ன படம்?"

"மூணு மணி நேரம். ஒருத்தர் நடந்துக்கிட்டே இருக்கார்."

"எங்க போறார்?"

"சொன்னா பாதியில எழுந்து போயிடுவீங்க."

"இங்கேருந்தா? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாலும் போக மாட்டேன்."

ஜன்னல் வழியே வந்த திரையின் ஒளி அவன் கண்ணில் ஆடியது. அவள் ஒலி அளவைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். மடியில் இருந்த பை கல் மாதிரி கனத்தது.

வியாழக்கிழமை காலை கார் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். பக்கத்து சீட்டில் அக்கா. காலடியில் அவளுக்கென்று தனி பிரேக்.

"கிளட்ச்சை மெல்ல விடு. மெல்லன்னா மெல்ல! தவளையா ஓட்டுற நீ?"

வண்டி இரண்டு குதி குதித்து நின்றது. படத்தில் கேட்ட அதே குரல். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அக்கா... உங்க தம்பி படம் அன்னைக்கு முடியல. நான்தான் தப்பா லைட் போட்டு நிறுத்திட்டேன்."

"நீ யாரு?"

"அங்க ஆபரேட்டர்." தாளை எடுத்து நீட்டினாள்.

அக்கா இரண்டு தரம் படித்தாள். கீழே இருந்த கோடுகளைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

பதிலுக்கு அவள் வைப்பரைப் போட்டுவிட்டாள். வெயிலில் அது பாட்டுக்கு ஆடியது. அக்கா அவள் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓஹோ... அப்பவே நினைச்சேன். வண்டி கத்துக்க வந்தவ ரோட்டைப் பார்க்காம என் மூஞ்சியில யாரைத் தேடுறான்னு."

"சனிக்கிழமை மத்தியானம் திரும்பப் போடுறாங்க. வாங்கக்கா."

"அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல கியரைப் பாரு."

சனிக்கிழமை அக்கா வந்தாள். கடைசி வரிசை, ஓர சீட். பையை மடியிலேயே வைத்திருந்தாள். தம்பிக்குத் தெரியாது, அவன் முன்னால் இருந்தான்.

அரங்கம் போன தடவையை விட அதிகமாகச் சிரித்தது. அக்காவின் தோள் இறுகுவது மேலே இருந்தே தெரிந்தது. இருபதாவது நிமிஷம். கறுப்பு.

மேலே அவள் எண்ணினாள். ஐந்து... பத்து... சிரிப்பு தேய்ந்தது. பதினெட்டில் யாரோ, "முடிஞ்சிடுச்சா?" என்றார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. இருபத்தைந்தில் இரண்டு பேர் எழுந்தார்கள். வாசல் விளக்கின் மங்கலில் அக்காவும் பையைத் தோளில் மாட்டுவது தெரிந்தது.

பூனை ஜன்னல் கண்ணாடியை நகர்த்தித் தலையை வெளியே நீட்டினாள்.

"உட்காருங்க! இன்னும் முடியல!"

ஆறு வருஷத்தில் அந்த அரங்கம் அவள் குரலைக் கேட்டது அன்றுதான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு தலை மட்டும் மேலே திரும்பிப் பார்த்தது.

ஐம்பது.

பயிற்சி மைதானம், மஞ்சள் வெயில், யாரும் இல்லை. நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் இருந்தவள் ஓட்டுநர் சீட்டுக்கு மாறுகிறாள். செருப்பைக் கழற்றி வைக்கிறாள். வண்டி அலுங்காமல் கிளம்புகிறது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் வேகம் கூட, ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு விரல்களை விரித்துக் காற்றைப் பிடிக்கிறது. யாரையும் திட்டாமல், யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல், தனக்காக மட்டும் ஓட்டுகிறவளின் முகம்... அவ்வளவு அழகாக இருந்தது.

விளக்கு வந்தபோது ஒருவரும் அசையவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு கடைசி வரிசையிலிருந்து அதே குரல்:

"டேய்! ரெண்டாவது ரவுண்டுல நான் இண்டிகேட்டரே போடல. அதை வெட்டியிருக்கக் கூடாதா?"

அரங்கம் சிரித்தது. இந்தத் தடவை அக்காவும் சிரித்தாள். அவன் நாற்காலிகளைத் தாண்டி ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் இரும்புப் படிகளில் காலடி கேட்டது. ஒன்பதாவது படியையும் மிதித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா பேசிட்டா! உங்ககிட்ட ஏதோ கேக்கச் சொன்னா..."

அவள் தாளை நீட்டினாள். "பின்பக்கம் பாருங்க."

அவன் படித்தான். மறுபடியும் படித்தான்.

"முதல் நாளே தெரியுமா?"

"அன்னைக்குச் சாயங்காலமே."

"ஒரு வாரம்ங்க... ராத்திரி தூக்கமில்லாம என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

சாக்கு எதுவும் அவள் சொல்லவில்லை. அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

"லைட்டை அணைங்க" என்றான் கடைசியில். "எனக்கு ஒரு அம்பது செகண்ட் வேணும்."

அணைத்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இருபது... முப்பது... கதவு திறக்குமோ, காலடி கீழே இறங்குமோ என்று காது கூர்ந்திருந்தது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"வேலை போயிடும்னு மறைக்கலைங்க. சொல்லிட்டா நீங்க படியேறி வர்றது நின்னுடும்னு... அந்தச் சத்தத்துக்காகத்தான் தினமும் வேலைக்கே வர்றேன். உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா?"

இருட்டில் அவள் விரல்களை ஒரு கை தேடிப் பிடித்தது.

"இன்னும் ஒன்பது செகண்ட் இருக்கு" என்றாள்.

"தெரியும். கோபம் அதுக்குள்ள தீர்ந்துடுச்சு. எனக்கும்... முதல் நாள் கதவைத் திறந்தீங்களே, அப்பவே பிடிச்சுப் போச்சு. கத்திக்கிட்டிருந்ததால வெளிய தெரியல."

கீழே வாசலில் கார் ஹாரன் நீளமாக அடித்தது. அக்காதான்.

அவள் கை சுவிட்சுக்குப் போனது. அவன் அதையும் பிடித்துக்கொண்டான்.

"போடாதீங்க. இன்னும் முடியல."