காகம் உட்காராத மரம்

கிரேக்க ஊரான பிளாட்டியாவில் சிறுமி தல்லோவோடு பேச ஆளே இல்லை. இருந்ததெல்லாம் ஓர் ஓக் மரமும் ஒரு காகமும்தான்.

மண் பொம்மை செய்யும் அப்பாவோடு தனக்ராவிலிருந்து வந்து ஆறு மாதமாகிறது. தனக்ரா சண்டைச் சேவலுக்குப் பேர்போன ஊர். அது போதாதா? "கொக்கரக்கோ! சேவலூர்க்காரி வந்துட்டாடீ!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். எல்லாரையும்விட உரக்கக் கூவுபவள் மெலிட்டா.

தல்லோ தினமும் ஓக் தோப்புக்குப் போய்விடுவாள். மரத்தில் சாய்ந்து, நாக்கைச் சொடுக்கி "டொக், டொக்" என்பாள். காகம் வந்துவிடும். பார்லி ரொட்டியில் பாதி அதற்கு.

பொம்மைத் திருவிழா வந்தது. முன்பு ஹேரா தேவி கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம். அவள் கணவர் ஜீயஸ் ஒரு கட்டைக்கு முக்காடு போட்டு, "இதோ புதுப்பெண்!" என்று ஊர்வலம் விட்டாராம். ஓடிவந்து முக்காட்டை இழுத்த ஹேரா, கட்டையைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். அந்த மரப்பெண்ணைத்தான் ஊரார் மறுபடி செய்வார்கள்.

"வெந்த கறி வச்சிருக்கு. காக்கா அதைத் தூக்கிட்டு எந்த மரத்துல உட்காருதோ, அதைத்தான் வெட்டணும். யாரும் அசையாதீங்க!" என்றார் கோடரிக்காரர்.

தல்லோ தன் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். காகம் எங்கே உட்காரும் என்று அவளுக்குத் தெரியாதா? ரொட்டி போட்டுப் பழக்கியதே அவள்தானே! அந்த மரமும் போய்விட்டால் அவளுக்கு வேறு யார்?

காகம் கறியைக் கவ்வி எழும்பியது. தல்லோ நழுவி, தோப்பின் ஓரத்துக்கு ஓடினாள். அங்கே பட்டுப்போன ஓக் ஒன்று நின்றது. அதன் பின்னால் ஒளிந்தாள்.

"டொக், டொக்."

காகம் திரும்பியது. மொட்டைக் கிளையில் வந்து உட்கார்ந்தது.

"காஞ்ச மரம்! செதுக்கினா விரிசல் விடாது!" கோடரிக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

தல்லோவின் தோளை யாரோ தொட்டார்கள். மெலிட்டா!

"நான் எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

தல்லோவுக்கு அழுகை முட்டியது. "சொல்லிடாதே. என் மரம் ஒண்ணுதான் எனக்கு இருக்கு."

மெலிட்டாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. காலால் மண்ணைக் கிளறினாள்.

"ஹேராவுக்குக் கோவம் வருமோ?" என்று தல்லோவே கேட்டாள்.

"அவங்களையே கட்டையைக் காட்டி ஏமாத்தினாங்க. அதுக்கே சிரிச்சவங்கதானே!" என்ற மெலிட்டா, மெதுவாகக் கேட்டாள்: "நாளைக்கு நானும் வரட்டா? நான் கூப்பிட்டா காக்கா வருமா?"

"கொக்கரக்கோன்னு கூப்பிட்டா வராது."

மெலிட்டா திருதிருவென்று விழித்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் தல்லோ ரொட்டியை மூன்றாகப் பிய்த்தாள்.