தபீதாள், ரெண்டாவது டேக்!

நடுக்கூடத்தில் பிணம் கிடந்தது.

நெஞ்சில் கத்தி. சட்டை முழுக்க ரத்தம். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு கல்யாணப்பெண், "அப்பா...!" என்று அலறிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று பிணம் கையைத் தூக்கித் தன் கன்னத்திலேயே பளாரென்று அறைந்துகொண்டது!

"கட்! கட்! யோவ் சுவிசேஷமுத்து, நீ செத்துட்டேய்யா!"

"இன்னா சார் பண்றது? கொசு கடிக்குதே!"

அதென்னவோ, தாம்பரம் கடப்பேரிக் கொசுவுக்கு உயிரோடு இருப்பவன், செத்தவன் என்ற பேதமெல்லாம் கிடையாது!

வேடிக்கை பார்க்க வந்திருந்த தெரு முழுக்கச் சிரித்தது. கல்யாணப்பெண் தபீதாள் மட்டும் சிரிக்கவில்லை.

ஏனென்றால்... கேமராமேனாக வந்த சம்பத்தின் தோளில் இருந்த கேமராவுக்குள் கேஸட்டே இல்லை!

டி.வி. நாடகமாம். பதிமூன்று வாரம் வரப்போகிறதாம். டைரக்டர் எட்மண்ட் தலையில் கூலிங்கிளாஸைச் செருகிக்கொண்டு அளந்ததெல்லாம் சுத்தப் புளுகு.

"கதை என்ன சார்?" என்று கேட்டாள் வீட்டுக்காரி தனம். புருஷனை இழந்தவள். தை பிறந்தால் மகளுக்குக் கல்யாணம்.

"ஒரு மோசடி கும்பலோட கதைம்மா. ஷூட்டிங்னு சொல்லி ஒரு வீட்டுக்குள்ள வர்றாங்க. நகையை வாங்கிப் போட்டுக்கறாங்க. அப்படியே கம்பி நீட்டிடறாங்க!"

"அய்யய்யோ! அந்த வீட்டுக்காரி அவ்வளவு ஏமாளியா சார்?"

"கதைதானேம்மா!"

எட்மண்டின் தொழில் சூத்திரமே அதுதான். நிஜத்தைக் கதையென்று சொன்னால் எவனும் சந்தேகப்பட மாட்டான்.

"அடுத்தது க்ளோஸ்-அப்பும்மா. கவரிங் போட்டா கேமராவுல பல்லிளிக்கும். உங்க பொண்ணு நகையைக் கொஞ்ச நேரம் குடுத்தீங்கன்னா..."

தனம் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தாள். ஆரம், காசுமாலை, நெற்றிச்சுட்டி, வளையல்... ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே தபீதாளுக்குப் பூட்டினாள்.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா முத்தாலம்மாள் வாயெல்லாம் பல்லாக, "நகையெல்லாம் லட்சணமா இருக்கு சம்பந்தி!" என்றாள்.

தபீதாளுக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் தனம், "ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கே? இன்னும் ரெண்டு வச்சுக்கோ" என்று இட்லி இட்லியாகத் தட்டில் அடுக்கினாளே! நாலு பேரும் வெட்கமில்லாமல் சட்டினி கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்களே! அந்தக் கைதான் இப்போது நகை பூட்டுகிறது.

பாவி... பாவி... என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"கோயில் வாசல்ல ஒரே ஒரு ஷாட்! எல்லாரும் இங்கயே இருங்க, கூட்டம் சேர்ந்தா லைட்டிங் போயிடும்!" என்றான் எட்மண்ட்.

வேன் கிளம்பியது. கோயிலைத் தாண்டியும் நிற்கவில்லை!

"ஸோத்திரம்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான் எட்மண்ட். "இன்னா தபீதா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"வாணாம்ணா. திருப்பிக் குட்த்துடலாம். அது கல்யாணப் பொண்ணு நகை."

"அட, இன்னா பேஜாரு இது! நடிப்பெல்லாம் முடிஞ்சிச்சுல்ல? கம்னு வா!"

பெருங்களத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. எலெக்ட்ரிக் ட்ரெயின் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. தபீதாளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அனகாபுத்தூர் தேவாலயத்தில் எந்த முகத்தோடு முட்டி போடுவாள்?

கதவைத் திறந்தாள். குதித்தாள்!

"ஏய்! ஏய், எங்கடி ஓடற?"

ஜி.எஸ்.டி. ரோட்டில் முழு அலங்காரத்தோடு ஒரு கல்யாணப்பெண் தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்து ஆட்டோக்காரன் தானாகவே பிரேக் போட்டான்.

"லவ் மேட்டரா தங்கச்சி? குந்து! எந்த ஸ்டேஷனு?"

"கடப்பேரி போண்ணா... சீக்கிரம்!"

அங்கே தனத்தின் வீட்டில் ஒப்பாரி கிளம்பியிருந்தது. தெருவே கூடிவிட்டது. தனம் தூணில் சாய்ந்து தலையில் அடித்துக்கொண்டிருக்க, முத்தாலம்மாள் அவள் கையைப் பிடித்து, "நகை போனா போவுது சம்பந்தி. நீங்க வச்சிருந்ததை என் கண்ணால பாத்தேனே! கல்யாணம் நிக்காது. நான் சொல்றேன்ல!" என்று தேற்றினாள்.

அந்த நேரம் பார்த்து...

"அம்மா!"

வாசலில் தபீதாள்! மூச்சிரைக்க, மூக்கு சிவக்க, எல்லா நகையோடும்!

"என்னை மன்னிச்சிடுங்கம்மா... நாங்க திருட்டுக் கும்பல்... மனசு கேக்கல... கொண்டாந்துட்டேன்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. தனம் எழுந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தபீதாள் நினைத்தாள். ஆனால் அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை. பேயறைந்த மாதிரி வெளுத்திருந்தது!

"உள்ளே வாடி!"

தரதரவென்று அடுப்படிக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"பாவி மகளே... ஏண்டி திரும்பி வந்தே?"

"அம்மா...?"

"அத்தனையும் கவரிங்டி! ஒரிஜினலெல்லாம் அவரோட ஆபரேஷனுக்கே போயிடுச்சு. நகையும் போச்சு, மனுஷனும் போயிட்டார். சம்பந்திக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும். என்ன பண்றதுன்னு ராப்பகலா தவிச்சிக்கிட்டிருந்தேன். கடவுளாப் பார்த்து உங்களை அனுப்பினார்!"

தபீதாள் கழுத்து ஆரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நாங்க திருடங்கன்னு... எப்படித் தெரியும்?"

"முன்னாடியே இந்த வீட்ல ரெண்டு ஷூட்டிங் நடந்திருக்கு. கேமரா வர்றதுக்கு முன்னாடியே சாப்பாட்டு வண்டி வந்து நிக்கும். லைட் பிடிக்கிறவர்ல இருந்து ஹீரோயின் வரைக்கும் எல்லாருக்கும் அங்கதான் டிபன். நீங்க என்னடான்னா என் அடுப்படியிலயே பந்தி போட்டு உக்காந்துட்டீங்க! அப்பவே தெரிஞ்சுபோச்சு. கதை வேற சொன்னானா உங்க டைரக்டர்... எனக்கு வழியே கிடைச்சுடுச்சு! திருடு போயிட்டா அது கவரிங்னு யாருக்குத் தெரியப்போகுது!"

கூடத்திலிருந்து முத்தாலம்மாளின் குரல் வந்தது. "சம்பந்தி! நகைதான் கிடைச்சுடுச்சே, எடுத்துட்டு வாங்க! கையில வாங்கிப் பார்க்கலாம்!"

தனத்தின் கண்ணில் பொலபொலவென்று நீர். இது நடிப்பில்லை.

"என் பொண்ணு வாழ்க்கையே போச்சுடி..."

திருடினாலும் பாவம். திருப்பிக் கொடுத்தாலும் பாவம்! என்னடா இது சோதனை என்று தபீதாள் விழித்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"பின்பக்கம் வழி கீதா?"

தனம் நிமிர்ந்தாள். புரிந்துவிட்டது.

"கிணத்தடி தாண்டினா சந்து. கொஞ்ச தூரம் போனதும் நான் கத்தறேன். இந்தத் தடவையாவது ஒழுங்கா திருடு தாயே! ரெண்டாவது டேக்!"

தபீதாள் ஓடினாள். துணி துவைக்கிற கல்லில் ஏறிச் சுவரைத் தாண்டினாள்.

"அய்யோ! என்னைத் தள்ளிட்டு ஓடறாளே! திருடி! பிடிங்க!"

அந்த அலறலைக் கேட்டு ஒரு நொடி தபீதாளுக்கே மெய்சிலிர்த்தது. அம்மாடி, என்ன நடிப்பு! நெஞ்சில் ஒரு முள் மட்டும் மிச்சம் இருந்தது. பாவம் அந்த முத்தாலம்மாள். நல்ல மனுஷி!

சந்து முனையில் அதே வேன். அவளைத் தேடித் துரத்தி வந்த எட்மண்ட், கதவைத் திறந்து உள்ளே இழுத்துப் போட்டான். பின்னால் தெருவே கல்லோடு ஓடி வந்தது. வேன் பறந்தது.

"இன்னாடி நெனச்சுகினு கீற? போற... வர்ற... மறுபடி ஓடியார!" என்று கத்தியவன், முதல் வேலையாக அவள் கழுத்து ஆரத்தை எட்டிப் பிடித்துக் கடித்துப் பார்த்தான்.

அவன் முகம் கோணியது.

"அடிப்பாவி... கவரிங்குடி இது!"

தபீதாள் நெற்றிச்சுட்டியை நிதானமாகக் கழற்றினாள்.

"நீ துன்ன இட்லிக்கு இதுவே ஜாஸ்திண்ணா!"