பாதி வரைந்த வீடு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. போர்வை போதாதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு வீட்டின் கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்; பாதியில் மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கலைவாணி முதலில் கவனித்தது ஒரு கதவைத்தான். கட்டைவிரல் அகலத்தில் சிவப்பு பிளாஸ்டிக் கதவு. ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, ஐந்து நாளாய் வேலை நின்றிருந்தது. ஈரப் பட்டின் வாடையும் ஊறிய மண்ணின் வாடையும் காற்றுப் போகாமல் தேங்கிக் கிடந்த அந்தக் கூடத்தில், அவள் கணவன் ஆனந்தகுமாரும் ஒன்பது வயது மகள் தீபிகாவும் குனிந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அழுத்தி, பிள்ளையார்பாளையத்தில் தாங்கள் குடியிருக்கும் அதே வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை டிக், டிக் என்று அந்தச் சத்தம்தான். இன்று முடித்துவிட்டார்கள். கூரை இல்லாத குட்டி வீடு. நடுவில் கூடம், வலப்பக்கம் ஓர் அறை. சரிதான். ஆனால் இடப்பக்கமும் ஓர் அறை இருந்தது, அந்தச் சிவப்புக் கதவோடு.

"ஏங்க, நம்ம வூட்ல இந்தப் பக்கம் ஏது ரூமு? வெறும் செவுருதானே இருக்குது?"

ஆனந்தகுமார் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தான். நெய்வதோடு, சேலைக்கு டிசைன் வரைவதும் அவன் தொழில். கட்டம் போட்ட தாளில் பூவைப் பாதி வரைந்தால் போதும். மறுபாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் தறியே திருப்பி நெய்துவிடும். வீட்டையும் அப்படித்தான் பாதி வரைந்து, மீதியைத் திருப்பிப் போட்டிருந்தான்.

"கைப் பழக்கம், கலா. ஒரு ரூமு லாபம்னு வெச்சிக்கோ. வாடகைக்கு வுட்லாம்."

"ஆமா, வர்றாங்க வாடகைக்கு. பிச்சிப் போடுங்க."

"ஐயே, வேணாம்பா!" என்றாள் தீபிகா.

"தறியில ஏத்துன டிசைன ஒரு சேல முடியாம அறுக்கக் கூடாதும்மா. அதுக்கு எங்கப்பாகிட்ட ஒத வாங்குனவன் நானு. மழ வுடட்டும், பிரிச்சிக்கலாம்," என்றான் ஆனந்தகுமார்.

கட்டைப் பெட்டியோடு வந்த மூன்று குட்டிப் பொம்மைகளை வலது அறையில் நிறுத்தினாள் தீபிகா. "அப்பா, அம்மா, நானு."

மறுநாள் காலையில், சின்னப் பொம்மை இடது அறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. "நான் தொடவே இல்லமா," என்றாள் தீபிகா. கலைவாணி அதை எடுத்து மற்ற இரண்டின் நடுவில் வைத்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்து, கூடத்துப் பாயில் அப்பாவும் மகளும் தூங்கினார்கள். ஆனந்தகுமாரின் சட்டையில், நெஞ்சுக்கு இடப்பக்கப் பையில், எப்போதும்போலப் பென்சில். தீபிகாவின் வலது கன்னத்தில் கடுகு போல அந்த மச்சம். ஆறு வருடம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. தூங்கும்போது அந்த மச்சத்தைத் தொட்டுப் பார்ப்பது கலைவாணிக்கு ஒரு பழக்கம். தொட்டாள். விரல் நுனிக்கு ஒன்றும் தெரியவில்லை. வருடக்கணக்காகப் பட்டு நூல் சுற்றி மரத்துப்போன விரல்கள்.

அவள் ராட்டையின் முன் உட்கார்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

கட்டையின்மேல் கட்டை அமரும் சத்தம். இடப்பக்கச் சுவருக்குள்ளிருந்து. டிக். டிக். யாரோ பொறுமையாக எதையோ கட்டி முடிக்கிறார்கள்.

அந்தச் சுவருக்கு அப்பால் வெறும் மனைதான். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தாள். எருக்கஞ்செடி, முழங்கால் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர், பாசி படிந்த சுவர். அவ்வளவுதான். சுவரில் காதை வைத்தாள். ஈரம் சில்லென்று கன்னத்தில் ஏறியது. சத்தம் நின்றிருந்தது.

திரும்பி உள்ளே வந்தாள்.

இருவரும் எழுந்து குட்டி வீட்டின் முன் உட்கார்ந்திருந்தார்கள். தீபிகா முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். இடது கையால்.

"ஏண்டி, இன்னா புதுசா?"

"இன்னாமா?" என்று நிமிர்ந்தாள். அதே குரல். அதே சிரிப்பு.

மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

கலைவாணி கணவனைப் பார்த்தாள். சட்டைப் பை நெஞ்சுக்கு வலப்பக்கம். அதில் பென்சில்.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. விரலில் இருந்த மரப்பு மணிக்கட்டுக்கு ஏறியது. முழங்கைக்கு. தோளுக்கு.

குட்டி வீட்டைப் பார்த்தாள். வலது அறையில் ஒரே ஒரு பொம்மை. அம்மா. இடது அறையில் இரண்டு, சுவரோடு ஒட்டி. சிவப்புக் கதவு இருந்த இடத்தில் இப்போது வெறும் சுவர்.

அப்போது சுவர் பேசியது. மெல்ல. வெகு தூரத்திலிருந்து வருவதுபோல.

"அம்மா... இங்க கதவே இல்லமா."

பின்னாலேயே ஓர் ஆண் குரல். "கலா! கலா! இந்தப் பக்கம்!"

அந்தப் பிளாஸ்டிக் வீட்டை உதைத்துச் சிதறடிக்க வேண்டும். கால் நகர்ந்தது. நின்றது.

சிதறினால், உள்ளே இருப்பவர்கள்?

ஓட்டில் விழுந்துகொண்டிருந்த மழையின் சத்தம் தேய்ந்தது. சொட்டு. சொட்டு. பிறகு அதுவும் இல்லை.

பாயில் இருந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"மழ வுட்டுச்சி, கலா. பிரிச்சிடலாமா?"

"நான் பிரிக்கிறேம்பா!" என்றது குழந்தை.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். நாக்கும் மரத்திருந்தது. அந்தச் சிறிய இடது கை நீண்டு, இடது அறைக்குள் நுழைந்து, பெரிய பொம்மையின் பக்கத்துக் கட்டையைப் பிடித்து இழுத்தது.

டிக்.

சுவருக்குள் ஆண் குரல் அறுந்தது.

"அம்மா?" என்றது மிச்சம் இருந்த ஒரு குரல். "அப்பா எங்கமா?"

சிறிய கை அடுத்த கட்டைக்குப் போனது.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கே சோறு வேகட்டும். உங்களைக் கூப்பிடும் குரலெல்லாம் கண்ணுக்கு எதிரில் இருந்தே கூப்பிடட்டும். பிள்ளைகளின் மச்சம் இருந்த இடத்திலேயே இருக்க, நீங்கள் எல்லோரும் நல்லபடியாக இருங்கள்.