நடுக்கதவு இல்லாத ரயில்

ரயிலில் ஏறியதும் தனுஷிகா வழக்கம்போல முதலில் பெட்டியின் கோடியைத்தான் பார்த்தாள். அங்கே கதவைக் காணவில்லை. பழைய நிலத்தடி மெத்ரோ ரயில்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுப் புதியவற்றை விடுகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே கொண்டாட்டம். புதியதில் பெட்டிக்குப் பெட்டி சுவர் கிடையாது. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியும். அவளுக்கு அது இன்றுதான் வாய்த்தது. மகன் மிதுசனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பழைய ரயிலில் பெட்டிகளுக்கு நடுவே பூட்டிய கதவும், அதில் ஒரு சின்னக் கண்ணாடியும் இருக்கும். அவள் எந்தப் பெட்டியில் ஏறினாலும் அடுத்த பெட்டியில் ஓர் ஆள் நின்று அந்தக் கண்ணாடி வழியே பார்ப்பான். முன்பெல்லாம் அவளைப் பார்த்தான். மிதுசன் பிறந்த பிறகு பிள்ளையை மட்டுமே பார்த்தான். கணவன் அன்ரனிடம் ஒருமுறை சொன்னாள். "உமக்கு நித்திரை காணாதப்பா," என்று அவன் சிரித்துவிட்டான். கதவு பூட்டித்தானே கிடக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

ஞாயிறு மாலை. வெளியே பனிப்புயல். ஐந்து வயது மிதுசனைத் தமிழ் வகுப்பிலிருந்து லவாலுக்கு, வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். இருந்த நாலைந்து பேரும் ஆன்ரி-பூராசா நிலையத்தில் இறங்கிவிட்டார்கள். ரயில் ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கத்துக்குள் நுழைந்தது. புதுப் பிளாஸ்டிக் வாசனைக்குள் சேற்றுத் தண்ணீரின் நாற்றம் மெல்ல மெல்லக் கலந்து வந்தது. சக்கரங்களின் இரைச்சலுக்கு அடியில், ஈரச் சப்பாத்து தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் ஒன்று, ஓர் அவசரமும் இல்லாமல், ரயிலின் அந்தக் கோடியிலிருந்து கேட்டபடியே இருந்தது.

ரயில் வளைந்தது. கோடி மறைந்தது. ரயில் நேரானபோது தூரத்தில் அந்த ஆள் நின்றான்.

மறுபடி வளைவு. மறுபடி நேர். இப்போது பாதித் தூரத்தில் நின்றான்.

"பிள்ளை, அம்மாட மடியில வந்து இரு."

"பூர்குவா?" என்றான் மிதுசன். ஏன் என்று கேட்கக்கூட அவனுக்குப் பிரெஞ்சுதான். அவள் தொண்டை வற்றக் கத்தினாலும் வீட்டில் அவன் வாயில் ஒரு தமிழ்ச் சொல் வராது. அதனால் ஒரே ஒரு பாடத்தை மட்டும் அவள் விடாமல் உருப்போட வைத்திருந்தாள்: பெரியவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "ஓம், வாறன்," என்று எழும்பிப் போக வேண்டும். நாலு சனம் மெச்ச வேண்டுமே என்ற ஆசை.

விளக்குகள் அணைந்து எரிந்தன.

"மிதுசன்," என்றது ஒரு குரல். அன்பான குரல்.

"வாய் திறவாதை! மிது, போகாதை!"

"ஓம், வாறன்," என்றான் பிள்ளை. அட்சர சுத்தமாக.

கையைப் பிடித்து இழுத்தாள். சின்னக் கையுறை மட்டும் அவளிடம் வந்தது. பிள்ளை ஓடினான். அவனுடைய சிவப்புத் தொப்பி வளைவில் திரும்பி மறைந்தது.

"ஆண்டவரே, என்ர பிள்ளையை விடச் சொல்லும்! என்னைக் கொண்டு போகச் சொல்லும்!"

ஓடினாள். வளைவு. அதற்கப்பால் இன்னொரு வளைவு. இவ்வளவு நீளமான ரயில் எங்கும் இல்லை. இறங்கும் கதவுகள் இல்லை. யன்னல்கள் இல்லை. சிவப்புத் தொப்பி எப்போதும் ஒரு வளைவு முன்னால். கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். குரல் போய்விட்டது.

 கம்பியைப் பிடித்து நின்றாள். அப்போதுதான் இருக்கைகளைப் பார்த்தாள்.

இரண்டு பக்கமும் பெண்கள். கறுப்பி, வெள்ளைக்காரி, சீனத்தி, தமிழிச்சி. நேரே பார்த்தபடி இருந்தார்கள். தோள்களில் பனி இன்னும் கரையவில்லை. ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒற்றைச் சின்னக் கையுறை.

அவர்களில் ஒருத்தி, தலையைத் திருப்பாமலே, பக்கத்து இருக்கையில் இருந்த தன் பையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.